வாசகர் கேள்வி – பதில்: முன்னாள் படைவீரர்களும் சேவை நாய்களும்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குச் சேவை நாய்கள் (உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவருக்கு உதவத் தனியாகப் பயிற்றுவிக்கப்பட்ட நாய்கள்) வழங்கப்படுவது பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் மகன் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றி, ஆப்கானிஸ்தான் சென்று திரும்பியவன். படையிலிருந்து விலகிய பிறகு இரவில் தூக்கமில்லை. கூட்டமான கடைக்குள் போனால் வாசலைப் பார்த்தபடியே நிற்கிறான். சிகிச்சை பெற்று வருகிறான். சேவை நாய் வைத்துக்கொள்ளும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். அரசாங்கம் தருமா? யாரிடம் விண்ணப்பிப்பது? எவ்வளவு செலவாகும்?
– ஒரு வாசகி, சான் அன்டோனியோ, டெக்சஸ்

பதில்: அரசாங்கம் நாயைத் தருவதில்லை; நாயின் விலையையும் கொடுப்பதில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை செய்வது வேறு. தகுதியுள்ள வீரருக்குச் சேவை நாய் தேவை என்று அத்துறையின் மருத்துவர்கள் முடிவு செய்து, அந்த நாயும் உரிய அங்கீகாரம் பெற்ற அமைப்பிலிருந்து வந்ததாக இருந்தால், அதன் மருத்துவச் செலவுக்கான காப்பீட்டையும், மார்புப் பட்டை போன்ற பணிக்கருவிகளையும் துறை ஏற்றுக்கொள்கிறது. 2012ஆம் ஆண்டு விதிகளின்படி இந்த உதவி பார்வை, செவித்திறன், நடமாட்டம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே இருந்தது. மன நோயினால் நடமாட்டம் பெரிதும் தடைபட்டவர்களுக்கும் அது பிற்பாடு விரிவாக்கப்பட்டது. தீனி, குளிப்பாட்டிச் சீர்செய்தல், வெளியூர் செல்லும்போது நாயை விட்டுச்செல்லும் விடுதி ஆகிய செலவுகள் எப்போதும் உரிமையாளருடையவையே.

நாயைத் தருபவை தொண்டு நிறுவனங்கள். ஒரு நாயை வளர்த்துப் பயிற்றுவித்து ஒப்படைக்க 20,000 டாலருக்கு மேலும், சில இடங்களில் 50,000 டாலர் வரையும் ஆகிறது என்றாலும், நன்கொடையில் இயங்கும் முதன்மையான அமைப்புகள் படைவீரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. கலிபோர்னியாவில் 1975இல் தொடங்கிய கேனைன் கம்பேனியன்ஸ், நியூயார்க் மாநிலத்தின் அமெரிக்காஸ் வெட்டாக்ஸ், புளோரிடாவின் கே9ஸ் ஃபார் வாரியர்ஸ் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் என்ற உலகளாவிய கூட்டமைப்பு தரம் ஆய்ந்து அங்கீகரித்த அமைப்புகளின் பட்டியலிலிருந்தே தேடலைத் தொடங்குங்கள். நலத்துறையின் காப்பீட்டுக்கு அந்த அங்கீகாரம் (பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாயாக இருந்தால் அதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பின் அங்கீகாரம்) கட்டாயம் என்பதால், வேறிடத்தில் நாயைப் பெற்றுவிட்டு அதன்பின் காப்பீடு கேட்டால் கிடைக்காது.

முதல் படி தங்கள் மகனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரோடு பேசுவதுதான். பெரும்பாலான அமைப்புகள் மருத்துவரின் கடிதத்தையும், டிடி 214 எனப்படும் படை விலகல் சான்றையும் கேட்கும், பிறகு நேர்காணல் நடக்கும், வீட்டையும் பார்ப்பார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் காத்திருப்பு ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை நீளலாம். இந்தக் காலத்தில் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது. நாய் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று மருந்தையும் ஆலோசனையையும் ஒத்திப்போடுகிறவருக்கு நாயைத் தர நல்ல அமைப்புகள் தயங்கும். அந்தத் தயக்கம் நியாயமானதே.

தங்கள் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. 2021 ஆகஸ்டில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின் கீழ், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு உள்ள முன்னாள் வீரர்கள், நாய்க்குட்டிகளுக்குத் தாங்களே பயிற்சி அளிப்பதையே சிகிச்சையின் ஒரு பகுதியாக்கும் ஐந்தாண்டுச் சோதனைத் திட்டம் ஐந்து நகரங்களில் தொடங்கப்பட்டது. ஆங்கரேஜ், ஆஷ்வில், பாலோ ஆல்டோ, வெஸ்ட் பாம் பீச் ஆகியவற்றோடு சான் அன்டோனியோவும் அவற்றுள் ஒன்று. தங்கள் மகனின் மருத்துவரிடம் இந்தத் திட்டத்தின் தற்போதைய நிலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அன்பான நாய் எதுவாக இருந்தாலும் மனத்துக்கு ஆறுதல்தானே? இதற்கு ஏன் இரண்டு ஆண்டுப் பயிற்சி?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆறுதல் தருவதை அமெரிக்கச் சட்டம் ஒரு பணியாகக் கருதுவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒருவரின் உடல் அல்லது மனக் குறைபாட்டோடு நேரடியாகத் தொடர்புடைய குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யத் தனியாகப் பயிற்றுவிக்கப்பட்ட நாய்தான் சேவை நாய். அருகில் இருப்பதாலேயே மனத்தைத் தேற்றும் நாய் இந்த வரையறைக்குள் வராது. அதனால் அதற்கு உணவகத்துக்குள்ளோ கடைக்குள்ளோ நுழையும் உரிமையும் இல்லை.

அந்த வேலை என்ன என்பதற்குக் கெட்ட கனவை எடுத்துக்கொள்ளலாம். உறங்குகிறவரின் கால்கள் உதறத் தொடங்குகின்றன, மூச்சு வேகமாகிறது, வாய் முணுமுணுக்கிறது. கட்டிலுக்கு அருகே படுத்திருக்கும் நாய் எழுந்து முதலில் மூக்கால் கையை இடிக்கிறது. அவர் விழிக்காவிட்டால் முன்னங்கால்களைக் கட்டில்மேல் வைத்து முகத்தை நக்குகிறது. அதற்கும் பலனில்லை என்றால் போர்வையைப் பற்றி இழுக்கும்படியோ, சுவரிலுள்ள விளக்குப் பொத்தானை அழுத்தும்படியோ சில நாய்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். அவர் எழுந்து உட்கார்ந்ததும் மடிமேல் குறுக்காகப் படுத்துத் தன் எடை முழுவதையும் கொடுக்கிறது. முப்பது கிலோ லாப்ரடார் மேலே கிடக்கும்போது துடிப்பு தணியத் தொடங்குகிறது. திடுக்கிட்டு விழிக்கும் படைவீரர் கையை ஓங்கவும் கூடும் என்பதால், எந்தப் பக்கத்திலிருந்து நெருங்க வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்பதும் பயிற்சியில் அடங்கும். வீட்டு நாய் இதில் ஒன்றிரண்டைத் தானாகச் செய்யலாம். ஒவ்வோர் இரவும், யாரும் சொல்லாமல், அதே வரிசையில் செய்யும் என்று நம்பியிருக்க முடியாது.

பகலில் வேறு வேலைகள். வரிசையில் நிற்கும்போது வீரருக்கும் பின்னால் நிற்பவருக்கும் இடையே குறுக்காக நின்று இடைவெளி ஏற்படுத்துவது, பதற்றம் ஏறுவதற்கு அடையாளமான நகம் கடித்தல், கால் ஆட்டுதல் போன்றவற்றைக் கண்டதும் இடித்துக் கவனத்தைத் திருப்புவது, மருந்துப் பையைக் கொண்டுவருவது, கூட்டத்திலிருந்து வெளியே செல்லும் வாசலுக்கு அழைத்துப்போவது ஆகியவை அவற்றுள் சில. காலை இழந்தவருக்குக் கீழே விழுந்த ஊன்றுகோலை எடுத்துத் தருவதும் கதவைத் திறப்பதும் முதன்மையாகிவிடும்.

கேள்வி: என் கணவர் கடற்படையில் இருந்தவர். நாய் வழங்கும் அமைப்பு ஒன்றுக்குச் சென்றபோது கறுப்பு லாப்ரடார் ஒன்று அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதுவும் அவரிடம் ஓடி ஓடி வந்தது. ஆனால் அமைப்பினர் வேறொரு நாயைத்தான் தந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நானும் குழந்தைகளும் அதற்குச் சோறு வைக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது என்றும் சொல்கிறார்கள். இது கொஞ்சம் கடுமையாக இல்லையா?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: கடுமைதான். ஆனால் இந்தத் துறையில் நாய் கிடைப்பதைவிட நாயோடு சேர்வதுதான் கடினமான வேலை என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள். தாங்கள் குறிப்பிடும் இரண்டு கட்டுப்பாடுகளும் அந்த அறிவிலிருந்து பிறந்தவை.

ஓடி ஓடி வந்த நாய் எல்லோரிடமும் அப்படித்தான் ஓடியிருக்கும் என்பதற்கே வாய்ப்பு அதிகம். பயிற்சியாளர்கள் பல மாதங்கள் அந்த நாயோடு பழகியவர்கள். அது எவ்வளவு வேகமாக நடக்கும், வாரை எவ்வளவு இழுக்கும், திடீர்ச் சத்தத்துக்குப் பிறகு எத்தனை நொடியில் நிதானத்துக்கு வரும், எஜமானர் சோர்ந்து கிடந்தால் தானும் சோர்ந்துவிடுமா அல்லது எழுப்ப முயலுமா என்பதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள். மறுபுறம் விண்ணப்பதாரரின் உயரம், நடையின் வேகம், கைகளின் வலு, சக்கர நாற்காலி, குரலின் தன்மை, வீட்டிலுள்ள குழந்தைகள், பூனை, வேலைக்குப் போகும் நேரம் ஆகியவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நமக்கு இது புரியாததல்ல. அதட்டிப் பேசும் பழக்கமுள்ள ஒருவருக்கு, குரல் உயர்ந்தாலே ஒடுங்கிப்போகும் மென்மையான நாயைத் தந்தால் இருவருமே கெட்டுப்போவார்கள். அவருக்கு எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத நாய் வேண்டும்.

விதிவிலக்குகள் உண்டு. 1991 வளைகுடாப் போரின்போது தலையில் காயமடைந்து, பேச்சையும் நினைவின் பெரும்பகுதியையும் இழந்த பிரிட்டிஷ் கடற்படை வீரர் ஆலன் பார்டன், எண்டல் என்ற லாப்ரடாரைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. மனைவி தன்னார்வலராகப் பணியாற்றிய பயிற்சி மையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் தவறவிட்ட பொருளை அந்த நாய் எடுத்து மடியில் வைத்தது. அங்கிருந்துதான் அந்த உறவு தொடங்கியது. பேச முடியாதவரின் கைச்சைகைகளை அது கற்றுக்கொண்டது. பணம் வழங்கும் இயந்திரத்தில் அட்டையைச் செருகிப் பணத்தை எடுத்துத் தரவும் பழகிற்று. 2001இல் ஒரு கார் மோதி அவர் நாற்காலியிலிருந்து விழுந்தபோது, எண்டல் அவரை மூச்சுத் தடைபடாத நிலைக்கு இழுத்துத் திருப்பி, போர்வையைப் போர்த்தி, கைப்பேசியைத் தேடிக் கொடுத்துவிட்டு உதவி தேடி ஓடியது. விலங்குகளின் துணிவுக்கான பிரிட்டனின் தங்கப் பதக்கம் மறு ஆண்டு அதற்குக் கிடைத்தது. இது போன்ற கதைகளைப் படித்துவிட்டு நாய் தானே நம்மைத் தேர்ந்தெடுக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் பயிற்சியாளர்களுக்குச் சிறிது தலைவலிதான்.

வீரரையும் நாயையும் சேர்த்துப் பழக்கும் இணைப்புப் பயிற்சி இரண்டு அல்லது மூன்று வாரங்கள் நடக்கும். கே9ஸ் ஃபார் வாரியர்ஸ் அமைப்பில் வீரர்கள் மூன்று வாரம் அங்கேயே தங்குகிறார்கள். அந்த நாட்களில் உணவு, நீர், நடை, பாராட்டு, கண்டிப்பு அனைத்தும் ஒரே கையிலிருந்து வர வேண்டும். வீடு திரும்பிய தொடக்க மாதங்களுக்கும் அந்த விதி நீள்வதற்குக் காரணம், அதுவரை பயிற்சியாளரையே நம்பிவந்த நாய் இனி யாருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அதற்குக் குழப்பமில்லாமல் தெரிய வேண்டும் என்பதே. குழந்தைகள் வாசலில் பந்து வீசினால் நாய் அவர்கள் பக்கம் போய்விடும். இரவு இரண்டு மணிக்கு அப்பாவின் மூச்சைக் கவனிக்க வேண்டிய நாய், குழந்தைகளின் அறை வாசலில் படுத்திருக்கும். தடை நிரந்தரமானதல்ல. மார்புப் பட்டையைக் கழற்றிய பிறகு விளையாடலாம் என்ற நிலைக்கு எப்போது வரலாம் என்பதை அமைப்பின் தொடர் கண்காணிப்பாளர் சொல்வார். தங்களுக்குச் சிரமம் இருந்தால் அவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். குடும்பத்தாரின் மனக்குறை தெரியாமல் போவதுதான் ஆபத்து.

கேள்வி: 100 டாலர் கட்டினால் சான்றிதழ், அடையாள அட்டை, நாய்க்கு அங்கி எல்லாம் அனுப்புகிறார்களாமே, வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: வேண்டாம். சேவை நாய்களுக்கு அமெரிக்க அரசு நடத்தும் பதிவேடு என்று ஒன்று கிடையாது. அந்த அட்டைக்குச் சட்டத்தில் மதிப்பும் இல்லை. நாயின் பணி வெளிப்படையாகத் தெரியாதபோது கடைக்காரர் கேட்கக் கூடியவை இரண்டே கேள்விகள்: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா, என்ன பணிக்குப் பயிற்றுவிக்கப்பட்டுள்ளது? சான்றிதழைக் காட்டச் சொல்லவோ, நோயைப் பற்றி விசாரிக்கவோ அவருக்கு உரிமையில்லை. அதே வேளையில், நாய் குரைத்துக்கொண்டோ கட்டுக்கடங்காமலோ இருந்து, உரிமையாளரும் அடக்காவிட்டால், எந்த அங்கி போட்டிருந்தாலும் வெளியேற்றலாம். விமானப் பயணத்துக்கு மட்டும் 2021 ஜனவரி முதல் தனி விதி நடப்பில் உள்ளது. போக்குவரத்துத் துறையின் படிவத்தைப் பூர்த்தி செய்து தரும்படி விமான நிறுவனம் கேட்கலாம். காசு கொடுத்து அங்கி வாங்கிப் பயிற்சியில்லாத நாயை அழைத்து வருகிறவர்களால் பாதிக்கப்படுவது, அடுத்து அந்தக் கடைக்கு வரும் உண்மையான படைவீரர்தான்.

கேள்வி: நான் மருத்துவர். சேவை நாயால் மன அழுத்தக் கோளாறு குறைகிறது என்பதற்கு உருப்படியான ஆய்வுச் சான்று உள்ளதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உள்ளது, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆணைப்படி முன்னாள் படைவீரர் நலத்துறை 2011இல் புளோரிடாவில் தொடங்கிய ஆய்வு, நாய்கள் குழந்தைகளைக் கடித்த நிகழ்வுகளாலும், அவற்றின் உடல்நலம், பயிற்சி பற்றிய கவலைகளாலும் நிறுத்தப்பட்டது. அட்லான்டா, அயோவா சிட்டி, போர்ட்லாண்ட் ஆகிய இடங்களில் புதிதாகத் தொடங்கி 2021இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்குச் சேவை நாயும் மற்றவர்களுக்கு ஆறுதல் நாயும் தரப்பட்டு, 18 மாதங்கள் கவனிக்கப்பட்டன. அன்றாடச் செயல்திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கோளாறின் அறிகுறிகளும் தற்கொலை எண்ணங்களும் சேவை நாய் பெற்றவர்களிடம் ஓரளவு குறைவாக இருந்தன. இங்கே ஒப்பீடு நாய்க்கும் நாய்க்கும் இடையே நடந்தது என்பதைத் தாங்கள் கவனிப்பீர்கள்.

நாய் பெற்றவர்களையும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஆய்வாளர் மாகி ஓஹேர் தலைமையிலான குழு ஆராய்ந்த 156 வீரர்களில் 81 பேர் நாய் பெற்றவர்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு, யாருக்கு நாய் உள்ளது என்று அறியாத மருத்துவர்கள் மதிப்பிட்டபோது, கோளாறு இருப்பதாக முடிவாகும் வாய்ப்பு விகிதம் நாய் பெற்றவர்களிடம் 66 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. ஆனால் யாருக்கு நாய் என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படவில்லை. மூன்று மாதம் என்பதும் குறுகிய காலம்.

உளவியலாளர்கள் சிலர் எழுப்பும் ஒரு கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறைக்குள் முதலில் நாயை அனுப்பி யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்வது, உள்ளே ஆபத்து இருக்கிறது என்ற நம்பிக்கையைத்தானே வளர்க்கும்? அச்சத்தை எதிர்கொண்டு கடக்கச் செய்யும் சிகிச்சைக்கு அது நேர்மாறானது. எனவே எந்தப் பணியைக் கற்பிப்பது என்பதில் சிகிச்சை அளிப்பவரும் பயிற்சியாளரும் கலந்து பேச வேண்டும்; வெளியே போக வைக்கும் பணிகளுக்கு முன்னுரிமை தருவதே சரி என்பது என் கருத்து.

கேள்வி: நான் இந்தியத் தரைப்படையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மோப்ப நாயையே படைவீரருக்குச் சேவை நாயாகத் தரலாமே?
– ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: தத்தெடுக்கலாம், சேவை நாயாக்குவது அரிது. அமெரிக்காவில் ஓய்வு பெற்ற படை நாய்களைத் தத்துக் கொடுக்க வழிசெய்யும் சட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தது. கூடவே பணியாற்றிய வீரருக்கே தன் நாய் திரும்பக் கிடைத்த நிகழ்வுகள் பல. ஆனால் அந்த நாய்கள் வயதாகியோ காயமடைந்தோ ஓய்வு பெறுகின்றன. சில நாய்கள் குண்டுச் சத்தத்தால் மனம் பாதிக்கப்பட்டவை. சந்தேகப்படவும் பாயவும் பழக்கப்பட்ட நாயைப் பத்து வயதில் கடைத்தெருக் கூட்டத்தில் அமைதியாக நடக்கச் சொல்வது அதற்கு அநியாயம். தோழமைக்காக வளர்க்க நினைத்தால் தாராளமாக வளர்க்கலாம்.

கேள்வி: போர்வீரர்களுக்காகத்தான் வழிகாட்டி நாய்கள் முதலில் பழக்கப்பட்டன என்பது உண்மையா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: முறையான பயிற்சிப் பள்ளி என்ற அளவில் உண்மை. முதல் உலகப் போரில் பார்வையிழந்த ஜெர்மானிய வீரர்களுக்காக மருத்துவர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் 1916இல் ஓல்டன்பர்க் நகரில் அப்படிப் பள்ளி ஒன்றைத் திறந்தார். அங்கிருந்து பரவிய முறையைக் கண்டு வியந்த டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1929இல் நாஷ்வில் நகரில் தன் நாட்டின் முதல் பள்ளியைத் தொடங்கக் காரணமானார். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்காகவே 1942இல் கலிபோர்னியாவில் இன்னொரு பள்ளி எழுந்தது. அந்தப் போரில் கடற்படை விமானியாக இருந்த முன்னாள் அதிபர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ், தம் இறுதிக் காலத்தில் வெட்டாக்ஸ் அமைப்பிடமிருந்து பெற்ற சல்லி என்ற லாப்ரடார், அவர் மறைவுக்குப் பிறகு பெத்தெஸ்டாவிலுள்ள வால்டர் ரீட் படை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு அங்கே நோயாளிகளோடு பணியைத் தொடர்ந்தது.

கேள்வி: நான் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவன். பண உதவி செய்ய வசதியில்லை. வேறு வகையில் உதவ முடியுமா?
– ஒரு வாசகர், ஏதென்ஸ், ஜார்ஜியா

பதில்: முடியும், அதுவும் தங்கள் ஊரிலேயே. எட்டு வாரக் குட்டியை வீட்டில் வைத்து ஓராண்டுக்கு மேல் வளர்த்து, வீட்டுப் பழக்கத்தையும் பேருந்து, வகுப்பறை, கடை ஆகிய இடங்களில் அமைதியாக இருக்கும் பழக்கத்தையும் கற்றுத்தரும் தன்னார்வலர்கள் இல்லையென்றால் இந்த அமைப்புகள் ஒரு நாள்கூட இயங்காது. வெட்டாக்ஸின் தாய் அமைப்பான கைட் டாக் ஃபவுண்டேஷனின் குட்டிகளைத் தங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் வளர்த்துவருகிறார்கள்; வெட்டாக்ஸின் குட்டிகள் சிறைகளில் கைதிகளிடமும் வளர்கின்றன. பிரிவதற்குத் துணிவு வேண்டும் என்பதோடு, வளர்த்த குட்டி தேர்ச்சி பெறாமல் திரும்பலாம் என்பதையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். ஏறத்தாழப் பாதி நாய்கள் இடையில் விலக்கப்படுகின்றன. வார விடுமுறைகளில் வேறொருவரின் குட்டியைப் பார்த்துக்கொள்ளும் மாற்று வளர்ப்பாளராகத் தொடங்கினால், ஒரு பருவத் தேர்வையும் நாயையும் ஒருசேரச் சமாளிக்க முடிகிறதா என்று தெரிந்துவிடும். விடுதியில் இருப்பவராயின் அறையைப் பகிர்ந்துகொள்பவரின் சம்மதத்தை முதலில் வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள்.